ஒரு வாய் ஊலாங்

எங்கள் வேலையில் தேநீரைக் குடிக்கக் கூடாது. கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, காலடியில் இருக்கும் பித்தளைப் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கப் ருசி பார்க்க வேண்டும். விழுங்கினால் மத்தியானத்துக்குள் நாக்கு செத்துவிடும், ராத்திரித் தூக்கமும் போய்விடும். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் காபிக் குடும்பத்தில் பிறந்த அனந்தபத்மநாபனாகிய நான், பதினைந்து வருடமாகத் துப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். இப்படி ஒரு உத்தியோகத்துக்கு எவன் பெண் கொடுப்பான்? கொடுக்கவில்லை.

வேதநாயகி எங்கள் கம்பெனிக்கு வந்தது 1994இல். அதே பெங்களூரில் அல்சூர்க்காரி. குன்னூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். என்னைவிட நல்ல நாக்கு; இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருவர் டீ போட்டால் மற்றவர் ருசி பார்ப்பது எங்கள் அறையின் வழக்கம். வந்த புதிதில் அவளுடைய பாத்திரம் பாதிகூட நிரம்பாது. "ஒழுங்கா டேஸ்ட் பண்றீங்களா, சும்மா கரண்டிய நனைக்கிறீங்களா?" என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து நிரம்பியது. நான்தான் திருத்தினேன் என்று பெருமை வேறு.

ஏழு வருடம். எனக்கு அவள்மேல் இருப்பது ஆசைதான் என்று புரியவே அதில் பாதி போயிற்று. மீதி, தைரியம் வரட்டும் என்று காத்திருந்ததில் போயிற்று. 2001 ஜூனில் அவளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்றாவது போகாதீர்கள் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்து, சலவைச் சட்டையோடு போனேன்.

அன்று பார்த்து ஒரு ஹோட்டலிலிருந்து நான்கு வகைத் தேயிலை வந்திருந்தது. மெனு அட்டையில் போட ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வேண்டுமாம். மூன்றை அவள் போட்டாள். கடைசி என் முறை.

"எல்லாம் ஒரே செடிதான்னு முதல்ல எழுதணும் சார். ஜனங்க வேற வேற செடின்னு நினைச்சிட்டிருக்காங்க," என்று பேனாவை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளை டீ, இளம் மொட்டை வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. வைக்கோல் நிறம், வாயில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். பச்சை டீக்குப் பறித்த கையோடு சூடு காட்டிவிடுவார்கள், இலை கறுக்காது. பயறு வேகிற வாசனை. இரண்டையும் துப்பினேன். மூன்றாவது ஊலாங். இலையைக் கசக்கி, காற்றில் பழுக்கவிட்டு, பாதியில் சூடு காட்டி நிறுத்துவது. அந்தப் பாதி எது என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம்.

"இன்னும் கொஞ்சம் விட்டா கருப்பு டீ ஆயிடும்," என்றாள்.

கரண்டியை உறிஞ்சினேன். ஏதோ பூவின் வாசனை. இனிமேல் இவள் கையால் போட்ட டீ எனக்குக் கிடைக்காது என்று நினைத்தபோது துக்கமாக வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். "முழுங்கிட்டீங்க."

"ஆமா. போகாதீங்க, வேதநாயகி." மேடம் போடாமல் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வந்த புதுசுல என் பாத்திரம் நிரம்பலன்னு திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா சார்? நீங்க போட்ட டீயத் துப்ப எனக்கு மனசு வரல. முழுங்கிட்டிருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. நீங்க திட்டினப்புறம்தான் துப்பப் பழகினேன்."

என் முட்டாள்தனம் எனக்கே தாங்கவில்லை. "இப்போ?" என்றேன்.

அவள், நான் போட்ட நான்காவது கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கருப்பு டீ, இலையை முழுக்கப் பழுக்கவிட்டது, ஊரெல்லாம் பால் ஊற்றிக் குடிப்பது. கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டினாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து துப்பினாள்.

"நல்லா இருக்கு சார்," என்றாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கடைசி இரண்டு வரியை எழுத ஆரம்பித்தாள்.