யார் வாயில் நிஷாதம்

ராகம் கண்டுபிடிப்பது சிலருக்கு ரசனை, சிலருக்குப் பொழுதுபோக்கு. பல் டாக்டரின் மாமாவுக்கு, அதாவது அவள் அக்கா புருஷனுக்கு, அது அரிப்பு. பாடுகிறவர் தொண்டையைச் செருமினாலே போதும், ராகத்தின் பேரைச் சொல்லிவிடுவார். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைசி வரிசையில் தூங்குகிறவர் எழுந்து உட்காரும்படி சொல்வார். தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. அங்கேயும் கண் பரிசோதனைக்கு வருகிறவர் எழுத்துப் பலகையைப் படிப்பதற்குள் இவரே படித்துக் காட்டிவிடுவதாகக் கேள்வி.

போன வருஷம் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக் கூடத்தில் டாக்டர் முதல் முறையாகத் தனியாகப் பாட உட்கார்ந்தாள். ஆபோகி. ஆசை ஆசையாகப் பழகிய ராகம். ச ரி க ம த, அப்புறம் நேரே மேல் ச. நடுவில் நிஷாதம் கிடையாது. 'நி' என்கிற அந்த ஒரு படியைத் தாண்டிப் போவதில்தான் ஆபோகியின் அழகே இருக்கிறது. அதில் கால் வைத்தால் ஸ்ரீரஞ்சனி என்கிற வேறு ராகமாகிவிடும். அவள் நாலு பிடி பாடிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து மாமா "ஆபோகி" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த மூச்சில், தாண்ட வேண்டிய படியில் சரியாகக் காலை வைத்தாள்.

"போச்சு, ஸ்ரீரஞ்சனி ஆயிடுச்சு" என்றார் மாமா, அதே குரலில். கூடமே சிரித்தது.

அன்றிலிருந்து அவள் பேர் நிஷாதம். லிஃப்டில் பார்க்கிறவர்கள்கூட "என்ன நிஷாதம், கிளினிக் கிளம்பியாச்சா" என்றார்கள். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள். ஆனால் தனியாக இருக்கும்போதுகூட ஆபோகியைத் தொட முடியவில்லை. 'த'வைத் தாண்டும் இடத்தில் மாமாவின் குரல் காதில் விழுந்து தொண்டை அடைத்தது. பேர் கெட்டதை அவள் பொறுத்துக்கொண்டாள். ராகமே கைவிட்டுப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த வருஷமும் அதே கூடத்தில் பாடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். என்ன பதில் சொல்வது என்று அவள் இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது மாமாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. ஆண்டவன் இருக்கிறான் என்று அவள் அப்போதுதான் நம்பினாள்.

நாற்காலியில் சாய்த்துப் போட்டு, ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்டாள். அப்புறம் வேலை பார்த்தபடியே, வேண்டுமென்றே, ஆபோகியை 'த' வரைக்கும் மட்டும் மெல்ல முனகினாள். மாமாவின் புருவம் ஏறியது. கால் கட்டை விரல் துடித்தது.

"ஆ... ஓ... ஹி" என்றார்.

"வாயை ஆட்டாதீங்க மாமா. நாக்கு போயிடும்."

"ஆ-ஓ-ஹி."

செத்தால்கூடப் பாடையிலிருந்து ராகம் சொல்வார் போலிருந்தது. பல்லை அடைத்து முடித்துப் பஞ்சை எடுத்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பாடறேன். நீங்க ராகத்தைச் சொல்லுங்க. தப்பாயிடுச்சுன்னா, இனிமே நான் பாடற இடத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது."

"சரியாயிருந்தா?"

"கிளினிக் பலகையில என் பேரை எடுத்துட்டு நிஷாதம்னு எழுதிக்கறேன்."

மாமா பாதி மரத்த வாயோடு கோணலாகச் சிரித்தார். "பலகைக்காரனை வரச் சொல்லிடு."

"ஆனா ஒண்ணு. முதல்ல சொல்றதுதான் கணக்கு. அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது."

"நான் என்னிக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்?" என்று எழுந்து போனார்.

அந்த நிபந்தனையில்தான் அவள் கண்ணி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஆபோகி மாதிரியே ஆரம்பிப்பேன். உன் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஆபோகின்னு கத்துவார். கத்தினதும் ஒரு நிஷாதத்தைப் போடுவேன். ஸ்ரீரஞ்சனி. ஆள் காலி."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "அப்ப ஆபோகி பாடவே போறதில்லையா?"

"அது எதுக்குக்கா? ஜெயிச்சா போதாதா?"

"ம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பந்தய விஷயம் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கியிருந்தது. சங்கீதத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று இருந்தவர்கள்கூட நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். டாக்டர் கண்ணை மூடி ஆரம்பித்தாள். ச ரி க ம த, நிஷாதத்தின் பக்கமே போகவில்லை. மாமா வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாடினாள். அப்போதும் அவர் அசையவில்லை. வழக்கமாகச் சோடா மூடி மாதிரி தெறிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதென்ன கூத்து என்று அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்த நேரத்தில் மாமா எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"ஸ்ரீரஞ்சனி."

வயலின்காரர் திரும்பி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, மறு கணம் எல்லாம் புரிந்தது. அவள் போட்ட திட்டம் மாமாவுக்கு அப்படியே போயிருக்கிறது. சொன்னது யார்? அக்கா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுழலும் மின்விசிறியை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபத்தில் காது சூடாகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இப்போது நிஷாதத்தைப் போட்டால் மாமா சொன்னது சரியாகிவிடும். ஜெயிக்க வேண்டுமானால் ஒரே வழிதான். ஆபோகியை, கடைசி வரை, கறையில்லாமல் பாடியாக வேண்டும். எது முடியாமல் ஒரு வருஷமாக ஒதுங்கிக் கிடந்தாளோ, அதை.

முதல் தடவை 'த'வுக்குப் போய்ப் பயந்து திரும்பி வந்துவிட்டாள். மாமாவுக்குப் பொறுமை இல்லை. பந்தயம் கைநழுவுகிறதோ என்று சந்தேகம் வந்ததும் உதவிக்கு வந்துவிட்டார். மூடிய வாய்க்குள்ளேயே ஒரு நிஷாதத்தை ரீங்காரம் போட ஆரம்பித்தார், தூண்டிலில் புழு மாட்டுகிற மாதிரி. அவள் நாக்கு நுனி அதற்காக அரித்தது. ஆனால் அவர் முனக முனக அவளுக்கு ஒன்று விளங்கியது. அந்தச் சுரம் எங்கே இருக்கிறதென்று அவரே விளக்கேற்றிக் காட்டுகிறார். பள்ளம் தெரிந்துவிட்டால் தாண்ட என்ன கஷ்டம்? பயம் கழன்று விழுந்தது. 'த'வில் ஏறி நின்றாள். அசையாமல், இழைத்து, நின்றுகொண்டே இருந்தாள். வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் சட்டென்று நிறுத்தினாள்.

அந்த அமைதியை மாமாவால் தாங்க முடியவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாயைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"நீ..." என்று நீளமாக, சுத்தமாக, சுருதி பிசகாமல் பாடினார்.

"நானா?" என்றாள் அக்கா. "நான் என்னங்க பண்ணேன்?"

கூடம் குலுங்கியது. வயலின்காரர் வயலினை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே டாக்டர் மேல் 'ச'வைப் பிடித்தாள். சிரிப்பு தானாக அடங்கியது. அதற்கப்புறம் அவள் பாடியது பந்தயத்துக்காக இல்லை. தொலைந்த பொருள் கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பத் திரும்பத் தாண்டினாள். ஓர் இடத்திலும் கால் படவில்லை.

பாடி முடித்ததும் அக்காவை மூலையில் மடக்கினாள். "ஏன்க்கா காட்டிக் கொடுத்தே?"

"நீ நிஷாதத்தைப் போட்டு ஜெயிச்சிருந்தா, அவர் வாய்தான் அடைபட்டிருக்கும். உன் தொண்டை திறந்திருக்குமா?" என்றாள் அக்கா. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அக்காவின் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

மறுநாளே லிஃப்டில் மாமாவைப் பார்த்தவர்கள் "என்ன நிஷாதம், கடைக்குக் கிளம்பியாச்சா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அடைத்த பல்லைக் காட்ட மாமா கிளினிக்குக்கு வந்தபோது அவள் கையுறையை மாட்டியபடி ஆபோகியை முனகிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஆ காட்டுங்க மாமா."

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அவள் பாடுவதைச் சுட்டிக் காட்டி, தன் வாயைச் சுட்டிக் காட்டி, கையை விரித்தார். பந்தயம் பந்தயம்தானே.

அவள் முனகுவதை நிறுத்தவில்லை. அந்தப் பல்லுக்கு ஒன்றும் அவசரமில்லை.