பிரசவ அறைக்கு வெளியே

மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில் தாஜுன்னிசா பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தாள். தங்கை இர்ஃபானா கர்ப்பமானதும், "பிள்ளைய மொதல்ல நீதான் கையில வாங்கணும்க்கா" என்று கேட்டுக்கொண்டாள்.

அதற்கு முன்பிருந்தே தாஜுன்னிசாவின் கைகள் அடிக்கடி தடித்துச் சிவந்தன. சோப்பு சேரவில்லை என்று நினைத்தாள். வாழைப்பழம் தின்றால் உதடு அரிக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில், பிரசவத்துக்காகக் கையுறை மாட்டிய சில நிமிடங்களில் அவள் இமைகள் வீங்கின. மூச்சு உள்ளே போகவில்லை. டாக்டர் விஜயலட்சுமி தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

"இந்த கிளவுஸ் ரப்பர் பால்ல செய்றது. உன் உடம்புக்கு அது ஆகலை. கை தடிக்கிறதும், வாழைப்பழம் தின்னா அரிக்கிறதும் இதனாலதான். அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம்" என்றார்.

ரப்பர் கலக்காத நீலக் கையுறையை அவளுக்கு மட்டும் வாங்கித் தந்தார்கள். மற்றவர்கள் பழையபடி மாவு பூசிய ரப்பர் கையுறையைத்தான் போட்டார்கள். யாராவது அதைக் கழற்றினால் போதும், காற்றில் பறக்கும் மாவு அவள் நெஞ்சை அடைத்தது. எல்லாருக்கும் நீலத்தையே வாங்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டாள்.

"ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்த முடியாதும்மா."

கீழ்த்தளத்தில் சீட்டு எழுதும் மேசைக்கு அவளை மாற்றினார்கள். கைப்பையில் எப்போதும் ஊசி மருந்து வைத்துக்கொண்டாள். ரப்பர் பலூன் கட்டிய மண்டபங்களுக்குப் போவதை நிறுத்தினாள்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை, அசைவு தெரியவில்லை என்று இர்ஃபானா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் கணவன் பரீத் சுரங்கத்தில் ஷிஃப்டில் இருந்தான். ஸ்கேனில் குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள்.

மதியம், பிரசவ அறையிலிருந்து உதவியாள் கமலா ஓடி வந்தாள்.

"ஒன்னத்தான் அழுதுகினே கூப்புடுது, தாஜு."

தாஜுன்னிசா நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தங்கையின் கட்டிலை எட்டுவதற்குள் இருமல் பிடித்தது. தொண்டை இறுகியது. கமலா தன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கையாலேயே அவளை நெட்டி வெளியே தள்ளினாள்.

"நீயும் செத்துப் போவியா? வெளிய நில்லு!"

மூடிய கதவுக்குப் பின்னால் இர்ஃபானா "அக்கா, அக்கா" என்று கத்துவது கேட்டது. பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலி போட்டும் தாஜுன்னிசா உட்காரவில்லை. பிறகு சத்தம் நின்றது. எந்த அழுகையும் வரவில்லை.

கமலா கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, துணியில் சுற்றிய பெண்குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உடம்பில் இன்னும் தாயின் சூடு இருந்தது.

அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட ஒரு வயதான அம்மா வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து கையுறையை எடுத்தார்.

"அது வேணாம் மாமி. நான் வெறுங்கையாலயே பண்றேன்" என்றாள் தாஜுன்னிசா.

வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, விரலிடுக்கு, காதுமடல், கழுத்து மடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழுவினாள். நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் துடைத்த கைதான். அன்றைக்கு அவசரப்படவில்லை.

இர்ஃபானா அவளோடு பேசவில்லை. கஞ்சி கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருமுறை மட்டும், "நீ உள்ள வந்திருக்கலாம்க்கா" என்றாள்.

உள்ளே வந்ததையும் மூச்சு முட்டியதையும் தாஜுன்னிசா சொல்லவில்லை. அந்தத் துக்கத்தின் முன்னால் அது ஒரு சாக்குபோலத் தோன்றியது.

ஒன்றரை மாதம் கழித்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது இர்ஃபானா கேட்டாள்.

"முடி எப்படி இருந்துச்சு அவளுக்கு?"

"நிறைய இருந்துச்சும்மா. சுருட்டையா. தண்ணி பட்டதும் நெத்தியோட ஒட்டிக்கிச்சு."

இர்ஃபானா கையிலிருந்த துணியை முகத்தில் பொத்திக்கொண்டாள். தாஜுன்னிசா அவளருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லுக்கா."