ஒரே சிம்பொனி, இரண்டு இசைத்தட்டுகள்

முதல் இசைத்தட்டு முடிந்ததும் சமீஹா ஈரமான உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சிறிய ஹாலில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது... அவரு வயசான காலத்துல பண்ணினது."

"கேக்கயிலயே தெரியுதே," என்றார் உருளைக்கிழங்கு வியாபாரி ஜெயமுருகன். "முட்டி வலியோட படி ஏறுறாப்ல இருக்கு." ஹால் சிரித்தது. சமீஹாவும் கொஞ்சம் சிரித்தாள். பாதி தாண்டியாகிவிட்டது.

கடைவீதியில் அவளுடைய அத்தா சம்சுல் ஆலம் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். ஏரிப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது வந்த பெட்டியில் இந்த இரண்டு இசைத்தட்டுகளும் கிடந்தன. ஒரே சிம்பொனி, வாத்தியக் குழுவை வைத்து அதை நடத்தியவரும் ஒருவரே. ஓர் உறையில் அவருக்கு முப்பத்தைந்து வயது, கருகருவென்று முடி. இன்னொன்றில் எழுபதைத் தாண்டியவர், தலை முழுக்க வெள்ளை. "ஒரே பாட்ட ரெண்டு தடவ வாங்கி ஏமாந்துருக்கான் ஒருத்தன்," என்று அண்ணன் அஸ்பாக் கேலி செய்தான்.

மழை தொடங்கினால் கொடைக்கானலில் செருப்பில்கூடப் பூஞ்சை பூக்கும். அம்மா சர்புன்னிசா ஒருநாள் இரண்டையும் உறையிலிருந்து உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, சமையலறை ஸ்டாண்டில் காய வைத்துவிட்டாள். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தேய்த்த தேய்ப்பில் ஓர் எழுத்து மிஞ்சவில்லை. "பூஞ்சைய வீட்டுக்குள்ள வச்சிருந்தா நெஞ்சு கட்டிக்கும்டி. இப்ப பாரு, பளபளன்னு கெடக்கு."

எது எந்த உறைக்கு? கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடையில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பழைய பிளேயர் ஒன்று நின்றது. அதில் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்று மூச்சிரைக்க ஓடியது, வளைவுகளில் விழப்போவது போலச் சாய்ந்து நிமிர்ந்தது. மற்றது ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தது. இதில் என்ன சந்தேகம்? ஓடுவதை இளைஞரின் உறையில் போட்டாள்.

விளக்கு வாங்க வந்த மகாதேவி மேடத்திடம் எப்படியோ இதைச் சொல்லிவிட்டாள். மாதம் ஒரு சனிக்கிழமை இந்த ஹாலில் இசை கேட்க ஆட்களைக் கூட்டுகிறவர் அவர். "நீயே வந்து சொல்லு சமீஹா. நல்லா அமைஞ்சா மாசாமாசம் நீயே நடத்து," என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாத பிஎஸ்சி இயற்பியல் பட்டதாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடையில் விலைபோகாமல் நின்ற மரக்குதிரையிடம் பேசிப் பேசிப் பழகினாள். அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன. மிகவும் வேண்டியிருந்தன.

"இது முப்பத்தஞ்சு வயசுல," என்று சொல்லி முள்ளை இறக்கினாள்.

ஹாலின் இரண்டு மூலைகளிலும் ஸ்பீக்கர்கள் இருந்தன. இடது மூலையிலிருந்து வயலின்கள் பாய்ந்தன. வலது மூலையிலிருந்து செல்லோக்கள் பதில் சொல்லின. சமீஹா இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சற்று முன் கேட்டது முழுவதும் நடுச்சுவரின் ஒரே புள்ளியிலிருந்துதானே வந்தது? பயத்தில் அது காதில் விழுந்தும் உறைக்கவில்லை. கடையின் ஒற்றை ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஒலியை இரண்டாகப் பிரித்துப் பதியும் ஸ்டீரியோ முறை அவர் இளைஞராக இருந்தபோது கடைகளுக்கு வந்திருக்கவில்லை.

அப்படியானால் ஓடுவது கிழவர்!

யாரும் கவனிக்கவில்லை. மகாதேவி கண்மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிடலாம். வீட்டில் போய் உறைகளை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த மாதமும் அவளுடையதுதான். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் இப்படி ஓடுகிறாரே! முப்பத்தைந்தில், தன்னைப் போலவே, எங்கே தப்பாகிவிடுமோ என்று எண்ணி எண்ணி அடிவைத்தவர்! இதை வயிற்றுக்குள் எப்படி அடக்கிவைப்பது?

முள்ளைத் தூக்கினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"தப்பு மேடம். நான் மாத்திச் சொல்லிட்டேன். இதுதான் வயசான காலத்துல பண்ணினது. இதுதான்!"

மகாதேவி கண்ணைத் திறந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "நிச்சயமா?"

"நிச்சயமா மேடம். ரெண்டு பக்கமும் தனித்தனியா வருது பாருங்க. நடுவுல வந்து உக்காருங்க, உங்களுக்கே கேக்கும். வெரசா வாங்க!" மேடத்தை விரட்டுகிறோம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப முட்டி வலிச்சது சின்னப்பயலுக்கா?" என்றார் ஜெயமுருகன்.

"ஆமாங்கண்ணே! பயந்து பயந்து நடந்துருக்காரு. ஓடுறதுக்கு இத்தன வருசம் ஆயிருக்கு!"

மகாதேவி எழுந்து தன் நாற்காலியை ஹாலின் நடுவுக்கு இழுத்தார். பின்னாலேயே மற்ற நாற்காலிகளும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. மூடாத ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க," என்று சமீஹா முள்ளை இறக்கினாள்.

இழுத்த நாற்காலியை அப்படியே பிடித்தபடி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், பாதி குனிந்த நிலையில் ஜெயமுருகன் அசையாமல் காத்திருந்தார். ஸ்பீக்கர்களில் லேசான கரகரப்பு மட்டும் கேட்டது.