ஜாய் வீட்டு ரோஸ் விளக்கு

பெரியதாழைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு வருடத்தில் ஜாயை யாரும் ஜாய் என்று கூப்பிட்டதில்லை. பால்காரருக்கு அவள் இஞ்ஞாசி பொண்டாட்டி. மளிகைக் கடைக்கு இஞ்ஞாசி வீட்டுக்காரி. சாமியார்கூட ஒரு தடவை பூசையில் நன்றி சொன்னவர்கள் பட்டியலை வாசிக்கும்போது 'இஞ்ஞாசியின் மனைவி' என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு நாதி கிடையாது. அதனால் மாடி அறையில் கேக் கடை போடுவது என்று முடிவானபோது, கடைக்கு என்ன பேர் என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அவள் பேர்தான். அதுவும் பெயிண்டில் அல்ல, வெளிச்சத்தில்.

தூத்துக்குடியில் ஒரு ஐஸ்கிரீம் கடை வாசலில், மழை ஓய்ந்த சாயங்காலம் ஒன்றில் பிடித்த பித்து அது. சுவரில் யாரோ வெளிச்சத்தைக் கையால் பிடித்து வளைத்து எழுதி வைத்தமாதிரி இருந்தது. ஈரத் தரையில் அதே எழுத்துகள் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தன. இஞ்ஞாசி மூன்று தடவை கூப்பிட்டும் அவளுக்குக் காது கேட்கவில்லை. ஊர் திரும்பிய பஸ்ஸில் கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது.

போர்டு வேலை பார்க்கும் முத்துச்செல்வத்தைச் சாத்தான்குளத்திலிருந்து வரவழைத்தாள். அவன் பையிலிருந்து விரல்நீளத் துண்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினான்.

"இது பழைய கண்ணாடிக் குழாய் இல்லக்கா. உள்ள எல்இடி பட்டை, மேல சிலிக்கான். பிளாஸ்டிக்குல வாரதும் இருக்கு, ஆனா இந்த உப்புக் காத்துக்கு ஒரே வருசத்துல மஞ்சளாயிரும். என்ன கலர் போடட்டும்?"

வெள்ளையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி என்றாள். நீலம், செல்போன் கடை. பச்சை, மருந்துக் கடை. ரோஸ் துண்டை எரிய வைத்தபோது மட்டும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். சுவரும், அவள் விரல்களும், மூடாமல் கிடந்த மைதா டின்னும் சங்கின் உள்பக்கம்போல நிறம் மாறின. அந்த அறையில் தானும் கொஞ்சம் மிதப்பதாக அவளுக்குத் தோன்றியது. கேலி பண்ண இஞ்ஞாசி வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அடுத்த சண்டை புள்ளிக்காக நடந்தது. பேரை இங்கிலீஷில் எழுதினால் வேலை சுலபம் என்றான் முத்துச்செல்வம். இந்தப் பட்டை பக்கவாட்டில்தான் வளையும், மேலும் கீழும் வளைத்தால் உள்ளே முறிந்துவிடும். நினைத்த இடத்தில் வெட்டவும் முடியாது, குறி போட்ட இடத்தில்தான் கத்தரி வைக்க வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளையாவது சமாளிக்கலாம், உச்சியில் ஒரு சின்னப் புள்ளிக்கு எங்கே போவது?

"புள்ளி இல்லாம என்ன பேரு தம்பி அது?" என்றாள் ஜாய்.

அவன் சார்ட் பேப்பரில் முழு அளவுக்கு எழுத்தை வரைந்து, கண்ணாடிமாதிரியான அக்ரிலிக் பலகைமேல் வைத்து, பட்டையைச் சுழிக்குச் சுழி பதித்தான். புள்ளிக்குத் தனியாக ஒரு குட்டி வளையம். வெட்டிய முனைகளுக்கு மூடி போட்டுப் பசை வைத்தான். அடாப்டரை உப்புக் காற்று படாமல் வீட்டுக்குள் மாட்டினான். கடலைப் பார்த்த சுவரில் பலகையை இறுக்கிவிட்டு, பசை காய்ந்ததும் நாளைக்குப் போடுங்கள் என்று கிளம்பினான்.

மறுநாள் வியாழக்கிழமை. பொழுது சாய்ந்ததும் ஜாய் சுவிட்சைத் தட்டினாள். தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாள். தன் பேர் வானத்துக்குப் பக்கத்தில் எரிவதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். கடலும் கரையும் சுற்றி நின்ற வீடுகளும் தூரப் போய், அந்த ரோஸ் ஒன்றுதான் இருந்தது.

அவள் தூத்துக்குடி டவுன் பிள்ளை, அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடலைப் பார்த்துப் புது விளக்கு போடுவதென்றால் ஞாயிறு பூசை முடிந்து எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது இந்த ஊர்ப் பழக்கம். அவளுக்கு அதை யாரும் சொன்னதில்லை, கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. கோவில் கோபுர விளக்கும் மீன் ஏலக்கூடத்து மஞ்சள் விளக்கும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான், திரும்பி வரும் படகு அலைத் தடுப்பாகப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே சரியாக நுழையும். அன்றைக்கென்று ஏலக்கூடத்து விளக்கு பியூஸ் போயிருந்தது. அன்றைய உப்பு மூட்டத்தில் ரோஸும் தூரத்துக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஏழரை மணிக்கு முதலில் வந்த படகு ஜாயின் பேரைக் கோபுரத்தோடு நேர்ப்படுத்திக்கொண்டு போய்க் கல்லில் இடித்தது. அது இஞ்ஞாசியின் படகு.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் இறக்கை முறிந்ததோடு போயிற்று. ஆனால் பின்னால் வந்த படகுக்காரர்களெல்லாம் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். படகுச் சங்கத் தலைவர் பவுல் முன்னால் நின்றார்.

"ஏளா, இஞ்ஞாசி பொண்டாட்டி! தாலி அறுந்திருக்கும், தெரியுமா?"

ஜாய் ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். ஈர உடுப்போடு நின்ற இஞ்ஞாசி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் அந்த எழுத்துகள் வெறும் வெள்ளைக் கயிறுபோலச் சுவரில் கிடந்தன. கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் முத்துச்செல்வத்துக்குப் போன் மட்டும் போடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து இஞ்ஞாசி எழுந்து பேசினான். "ஊர்ப் பழக்கத்த அவளுக்குச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. ஆனா ஒண்ணு யோசிங்க. தெரு முழுக்க இப்ப வெள்ளை வெளக்கு. எது கோவிலு, எது தெருவுன்னு நாமளே தடவுதோம். அந்த ஒரு வெளக்கு மட்டுந்தான் தனியாத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா அது ஆபத்தில்ல, அடையாளம்."

பவுல் தாடையைச் சொறிந்தார். ஏலக்கூடத்து விளக்கைச் சரிபண்ணிவிட்டு, நாளைக்கு இந்த ரோஸ் விளக்கையும் எரியவிட்டுக் கடலில் இருந்து பார்ப்போம், அப்புறம் முடிவு என்றார்.

திங்கட்கிழமை ஜாய் விளக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஜாடிகளில் ரோஸ் வெளிச்சம் தளும்பியது. படகுகள் ஒவ்வொன்றாக ஒழுங்காகக் கரையேறின. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பவுலும் இஞ்ஞாசியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.

"வெளக்கு இருக்கட்டும்" என்றார் பவுல். "ஆனா இனி நீ நெனச்ச நேரத்துல போட்டு அணைக்க முடியாது. தெனமும் பொழுது சாய எரியணும், கடைசிப் படகு வாரவரைக்கும் நிக்கணும். கரண்ட் போனா இன்வெர்ட்டர். ஒரு நாள் தப்பக் கூடாது."

ஜாய்க்குச் சுருக்கென்றது. "அப்ப நான் அம்மா வீட்டுக்குக்கூடப் போக முடியாதா மாமா? அது என் பேருதான? இல்ல ஊருக்கு வெளக்கா?"

"எழுத்தெல்லாம் அங்கேருந்து தெரியாதுளா. ஒரு ரோஸ் பொட்டு, அம்புட்டுத்தான். ஆனா கேளு. வடக்கால கடலுக்கு அடியில ஒரு கல்லுப் பார் இருக்கு, நல்ல மீன் கெடக்கும். இருட்டுல அத ஒருத்தனும் சரியாப் புடிச்சதில்ல. இன்னைக்குக் கோவில் வெளக்கும் ஒன் வெளக்கும் ஒண்ணா நிக்கும்போது ஆழம் பாக்கக் கயிறு விட்டா, சரியா அது மேலதான் நிக்கோம். அடுத்த படகுல இருந்து ஜாக்சன் போன்ல கேக்கான், எங்கன கெடக்கியன்னு. ஜாய்க்கு நேரா, ஆழம் எட்டு பாகம்னேன். அவனும் நேரா வந்துட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"எட்டு பாகம்."

"அதுக்கு முந்தி."

பவுல் புரியாமல் இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசிக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். அவனும்கூட இத்தனை வருடம் அவளை 'ஏளா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"ஜாய்க்கு நேரான்னு சொன்னேன்" என்றார் பவுல். "இப்ப எல்லாவனும் அப்படித்தான் சொல்லுதான். அந்தப் பாருக்கே ஜாய் பாருன்னு பேரு வச்சாச்சு."

அணைக்க மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய் அவர்களுக்குக் கேக் வெட்டினாள். ஜன்னல்வழியே கடலைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் ஒரு துண்டுகூட நேராக வரவில்லை.