லாத்திரின் கோடாலி

காம்பியா ஆற்றிலிருந்து பிரிகிற எங்கள் உப்பங்கழியை எட்டு மாதம் மூடி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அதுவரை நான்கு மாதம்தான் மூடுவோம். சிப்பி எடுக்கிற நாற்பது பெண்களும் என்மேல் பாய்ந்தார்கள்.

"ஏன் நியீமா, நீ தலைவிங்கிறதுக்காக நாங்க எட்டு மாசம் வயித்துல ஈரத்துணி கட்டிக்கணுமா?" என்றாள் சிரா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"செஞ்சு பாப்போம்டி. மார்ச்சுல கழி திறக்கிற அன்னிக்குச் சிப்பி பெருசா இல்லைன்னா, நான் தலைவியுமில்ல, கழிக்கு மூடலுமில்ல. வருஷம் பூரா அள்ளிக்கங்க."

ரோஷத்தில் சொல்லிவிட்டேன். வருடம் பூராவும் அள்ளினால் இரண்டே வருடத்தில் கழி மொட்டையாகிவிடும்.

ஜூலையில் மூடினோம். மூன்றாவது வாரமே மீன்காரன் லாத்திர் தோணி நிறைய அலையாத்தி என்கிற கண்டல் மர விறகோடு கரையேறினான், மீனைப் புகை போட. எல்லாம் நாங்கள் முழங்கால் சேற்றில் நின்று நட்டு, ஆளுயரம் வளர்த்த மரங்கள். அந்த வேர்களில்தான் சிப்பியே ஒட்டும்.

"அதிகாரிகிட்ட பிடிச்சுக் குடு!" என்று குதித்தாள் சிரா.

எப்படிக் கொடுப்பது? அவன் செரேர் இனம், நாங்கள் ஜோலா இனம். பாட்டன் காலத்திலிருந்தே எங்களுக்குள் கேலி முறை. 'அடிமை' என்றுகூட ஏசிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. ஊர் முன்னால் ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்றும் சொல்லக் கூடாது. அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படகுகள் எல்லாம் வந்து சேரும் நேரமாகப் பார்த்துக் கரைக்குப் போனேன்.

"டேய் அடிமை! எசமானி வந்திருக்கேன், எந்திரிடா!"

"யாருடி எசமானி? சோத்துப்பானை! யார் வீட்டுல உலை வச்சிருக்காங்கன்னு மோப்பம் புடிச்சு வந்தியா?"

கரையே சிரித்தது.

"உன் கோடாலியைக் குடு."

லாத்திர் கோடாலியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "அப்ப மீனை எதுல புகை போடுறதாம்?"

"தேங்காய் மட்டை எரியாதா? கேட்டுட்டேன். குடு."

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். "ஒரு நாள் நானும் ஊர் முன்னால கேப்பேன். அன்னிக்கு நீ மூச்சு விடக் கூடாது."

வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். கழியையே கேட்டுவிட்டால்?

செப்டம்பரில் கடல் ஏறியது. வருடா வருடம் ஏறுகிறது, வருடா வருடம் கொஞ்சம் கூடுதலாக. மரமில்லாத பக்கத்து ஊர்த் துறையில் படகுகள் சுள்ளி சுள்ளியாகக் கிடந்தன. லாத்திரும் கூட்டாளிகளும் தங்கள் ஏழு படகுகளையும் எங்கள் கண்டலுக்குள் கட்டியிருந்தார்கள். ஒரு பலகைகூடப் பெயரவில்லை. மரங்களுக்குப் பின்னாலிருந்த நெல்லுக்கும் உப்பு ஏறவில்லை. மறுநாள் லாத்திர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கேலி செய்யாமல் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மார்ச் வந்தது. முதல் தோணியில் நானும் சிராவும். ஓடு கீறாமலிருக்கக் கையில் காலுறையை மாட்டிக்கொண்டு, வேர் நோகாமல் கத்தியால் தட்டினேன். சிப்பி கையில் விழுந்தது.

என் உள்ளங்கையே மறைந்துவிட்டது!

"அடியாத்தீ!" என்று சிரா போட்ட கூச்சலில் தோணி ஆடியது. மதியத்துக்குள் எல்லாத் தோணிகளும் விளிம்பு வரை அமிழ்ந்து வந்தன. பாட்டும் கூத்தும்தான். "தலைவி, அடுத்த வருஷம் ஒம்பது மாசம் மூடுவோமா?" என்றாள் சிரா. ஈரக் காலுறையாலேயே அவளை அடித்தேன்.

கரையில் லாத்திர் நின்றான், மற்ற ஆறு படகுக்காரர்களோடு. அவன் கேட்கப்போவதாகச் சொன்ன நாள் இதுதானோ?

"எசமானி," என்றான்.

ஒரு செரேர்க்காரன் ஒரு ஜோலாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"இன்னிக்கு என் முறை, கேக்குறேன். மீன் குஞ்சு பொரிக்கிற மாசம் பூரா எங்க வலையும் கழிக்குள்ள வரக் கூடாது. நீதான் காவல் இருக்கணும்."

"உங்க ஆளுங்களுக்கு நீயே சொல்லேன்!"

"நான் சொன்னா எவன் கேக்குறான்? நீ ஊர் முன்னால கேட்டா ஒருத்தனும் இல்லைன்னு சொல்ல முடியாதே!"

முறைப்படி மறுக்கக் கூடாது. மறுக்க எனக்கென்ன பைத்தியமா? கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சரிடா அடிமை," என்றேன். "முதல்ல இந்தச் சிப்பியைச் சுமந்து கரையேத்துங்கடா!"

ஏழு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.