புத்தகம் வைத்து வாசித்தவள்

கையெல்லாம் பசையாக இருந்ததால் டீச்சர் எழுந்திருக்கவில்லை. தங்கைதான் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வந்த அரங்க மேலாளர், மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். பியானோ இசைப் புத்தகம் ஒன்று தையல் பிரிக்கப்பட்டு, தாள் தாளாகத் தடித்த அட்டைகளில் ஒட்டப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கம் புரட்ட வசதியாக, எந்த இடத்தில் இடது கை சும்மா இருக்குமோ அந்த இடத்தில் அட்டை முடியும்படி பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார் டீச்சர்.

"சனிக்கிழமைக்கா?" என்றார் மேலாளர்.

"ஆமா. பாத்துத்தான் வாசிக்கப் போறேன்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீச்சருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடமாக அந்த இசைக்குழுவை நடத்துகிறார், அதனுடன் வாசிக்கவும் செய்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில். பியானோவை மூடி கழற்றி நடு மேடையில் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கை ஓய்ந்த இடத்தில் கையாலும், ஓயாத இடத்தில் தலையாலும் புருவத்தாலும் நாற்பது பேரை இழுத்துக்கொண்டு போவார். எல்லாம் மனப்பாடம். பியானோவில் தனியாக வாசிக்கிறவர் புத்தகம் வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் வைப்பதில்லை.

போன மாதம்தான் அது நடந்தது. ஒரே மெட்டு இரண்டு முறை வருகிற பாகம். முதல் முறை ஒரு பக்கம் திரும்பும், இரண்டாம் முறை வேறு பக்கம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தெருமுனைகள் போல. இரண்டாம் முனையில் டீச்சரின் கைகள் பழைய தெருவுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. இசைக்குழு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பெரிய முரசுக்காரர் தாளத்தை ஓங்கி அடித்துக் காட்ட, டீச்சர் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். எட்டு விநாடி இருக்கும். மறுநாள் பத்திரிகையில் அந்த எட்டு விநாடிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

மேலாளர் நயமாகத்தான் ஆரம்பித்தார். டீச்சர் நின்றுகொண்டு குழுவை நடத்தினால் போதும், பியானோவுக்கு வேறொருவர் உட்காரட்டும், வகுப்புகளும் வழக்கம்போல நடக்கட்டும், மரியாதைக்கு ஒரு குறையும் வராது என்றார்.

"மேடையில நாப்பது பேர் புத்தகத்த வச்சுட்டுத்தான வாசிக்கிறாங்க? அவங்களுக்கெல்லாம் மறதியா?"

"அவங்க வேற, நீங்க வேற டீச்சர். ஜனங்க உங்களப் பாக்கத்தான் வர்றாங்க."

"முதுகத்தான பாக்குறாங்க," என்றாள் தங்கை சமையலறையிலிருந்து.

மேலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், டீச்சரின் பழைய மாணவியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். அவள் இப்போது வெளியூர்களிலெல்லாம் வாசிக்கிறவள். புத்தகம் வைத்தால் டீச்சருக்கு மறந்துபோய்விட்டது என்று ஊர் பேசும் என்றும் சொன்னார்.

"மறந்ததுதான். பேசட்டும்," என்றார் டீச்சர், அடுத்த தாளுக்குப் பசை தடவிக்கொண்டே.

உண்மையில் அவருக்கு மறக்கவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போதுகூட அந்த இரண்டு முனைகளும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அன்றிலிருந்து, முனைக்கு இன்னும் பத்து அடி இருக்கும்போதே விரல்கள் சில்லிட்டன. எது வரப்போகிறது என்ற பயத்தில் எது வாசிக்கப்படுகிறது என்பதே காதில் விழவில்லை. பெருமையை விடுவதா, பியானோவை விடுவதா என்று கேட்டால், பெருமை போய்த் தொலையட்டும் என்பதுதான் பதில். அதற்கு அவருக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் மாணவி வந்தபோது அப்படி எளிதாக இல்லை. செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். ஒன்பது வயதில், கால் தரையில் எட்டாத காலத்தில், அவள் கொண்டுவந்த புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியவர் டீச்சர். மண்டையில் இல்லாதது கையில் வராது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை அழவைத்தவர். நான்கு பேர் பியானோவையே விட்டுவிட்டார்கள்.

"எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா டீச்சர்?"

டீச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டார். சாக்குகள் நிறைய இருந்தன. வயது, கண், இரண்டு வேலை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. உன்கிட்ட மட்டுமில்ல, எல்லார்கிட்டயும். அதுக்காக இன்னைக்கு நான் வாசிக்காம இருக்க மாட்டேன்."

மாணவி நெடுநேரம் அட்டைகளைப் பார்த்தாள். பிறகு, மேலாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "உங்க மேல பாசத்துல இல்ல. நான் வாசிச்சா என் பேருக்கு வாசிப்பேன். யாருக்கும் பதிலா வாசிக்க மாட்டேன்."

"அப்படித்தான் இருக்கணும்," என்றார் டீச்சர். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை மேடைக்குப் போகும் வழியில் டீச்சர் எட்டிப் பார்த்தார். பியானோவில் புத்தகம் வைக்கும் பலகை இல்லை. அதை உருவி எடுத்துப் பக்கச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மேலாளர் சொன்னதாக விளக்குக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூடி இல்லாத பியானோவுக்கு அதுதான் பார்க்க அழகாம்.

டீச்சர் அட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பலகையைத் தூக்கினார். கனமாகத்தான் இருந்தது. உதவிக்கு நீண்ட கையைத் தலையசைத்து விலக்கிவிட்டு, பட்டுப் புடவை தடுக்க, வெளிச்சத்துக்குள் நடந்தார்.

கைதட்டல் எழுந்து, பாதியில் குழம்பி, நின்றது. அந்த நிசப்தத்தில் அவர் பலகையைப் பியானோவின் காடிப் பள்ளத்துக்குள் செருகினார். ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் ஏறவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். பலகை உட்கார்ந்தது. அந்த அதிர்வில் பியானோவின் கடைசி ஓரத்துச் சின்னக் கம்பிகள் தாமாகவே ரீங்கரிக்கத் தொடங்கின. யாரும் வாசிக்காத அந்த மெல்லிய ஓசை கடைசி வரிசை வரைக்கும் போனது. அது அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அட்டைகளைப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கையை உயர்த்தினார்.