பஸ்ஸின் மூன்று படிகள்

மீன் காட்சியகத்துக்குப் போகும் பள்ளிச் சுற்றுலாவில் என் மகளைச் சேர்க்க முடியாது என்று பிரின்சிபால் சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை. அது இன்னும் எரிச்சல்.

"உங்க பொண்ணோட நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். பஸ்ல மூணு படி இருக்கு, வீல்சேர் ஏறாது. அன்னைக்கு லைப்ரரில உக்காந்து மீன் படம் பார்க்கட்டும்."

"மத்த பிள்ளைங்க நிஜ மீன் பார்க்கும், என் பொண்ணு படத்துல பார்க்கணுமா?" பேனா உருண்டு விழும்படி மேசையைத் தட்டினேன். "மீன் காட்சியகத்துக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். உள்ள எல்லா இடத்துலயும் வீல்சேர் போகுமாம். பஸ்தானே பிரச்சினை? லீவு போட்டு நானே கார்ல கூட்டிட்டு வரேன்."

அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி பெருமையாகச் சொன்னேன். நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் என் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மீனை யாரும்மா கேட்டா? பஸ்ல போறதுதான் டூரு. பாட்டு, சண்டை எல்லாம் அங்கதான். சோடாபுட்டி எனக்கு ஜன்னல் சீட்டு தரேன்னு சொல்லியிருக்கா. நான் மட்டும் உன்கூட பின்னாடி வரணுமா? போம்மா, நீயும் அவங்க கட்சிதான்."

சோடாபுட்டி அவளுடைய வகுப்புத் தோழி. என் கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகை முட்டியது. ஊருக்கே கேட்கிற மாதிரி சண்டை போடத் தெரிந்த எனக்கு, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போய், அவளும் பஸ்ஸிலேயே வரட்டும் என்றேன். பிரின்சிபால் மறுபடியும் அந்த மூன்று படிப் பேச்சிலேயே வந்து நின்றார்.

"தூக்கி ஏத்துற பொறுப்பெல்லாம் எங்களால எடுத்துக்க முடியாதும்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள்.

"மேடம், ஃபயர் டிரில் அன்னைக்கு லிஃப்டை நிறுத்திடுவீங்கல்ல? அப்ப பி.டி. சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் என்னை மாடியிலேர்ந்து தூக்கிட்டுத்தானே இறங்குறாங்க? நீங்ககூட கீழ நின்னு கை தட்டுனீங்க."

"அது ஆபத்துக்காகச் செய்றதும்மா."

"அப்ப ஆபத்துன்னா மட்டும்தான் தூக்குவீங்களா மேடம்?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். கடைசியில் பி.டி. சாரை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

"மூணு படிதானே மேடம்?" என்றார் அவர். "என்கிட்ட யாருமே கேக்கலையே."

சுற்றுலா அன்று காலையில் வீல்சேர் மடிந்து பஸ்ஸின் அடியில் பைகளோடு போய்ச் சேர்ந்தது. பி.டி. சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் வாயாடியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பிரின்சிபால் கதவருகில் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை வைத்திருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பஸ் கிளம்பியது. டாட்டா காட்டக் கையைத் தூக்கினேன். ஜன்னலில் வாயாடியும் சோடாபுட்டியும் எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை என் மகள் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"பார்த்தீங்களா, ஒரு டாட்டாகூடக் காட்டல" என்று பக்கத்தில் நின்ற கணவரிடம் புகார் சொன்னேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி.